ரெயூனியனில் பத்தரை மணிக்குப் பிறந்த பாலன்

வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பலருக்கும் பனியும் கம்பளியும்தான் நினைவுக்கு வரும். என்னுடையது வியர்வையில் நனைந்தது. கணவரின் வேலைக்காகப் புதுச்சேரியிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து, சேந்தாந்த்ரே ஊரில் குடியேறிய முதல் வருடம் அது.

பூமியின் தென்பாதி என்பதால் இங்கே டிசம்பர் நடுக்கோடை. நம்மூரில் மே மாதம் பூக்கும் குல்மொஹர் கிறிஸ்துமஸுக்குச் சிவந்து நிற்கும். ரோட்டோரமெல்லாம் லிச்சிப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். 20ஆம் தேதியே கொண்டாட்டம் தொடங்கிவிடும். 1848இல் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த நாள் அது. அன்று இரவு முழுக்க மேளச் சத்தம்.

24ஆம் தேதி கணவருக்கு இரவு டியூட்டி. நான் தனியாக விவிக்கம் செய்தேன். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய பழங்கள் போட்டு அம்மா செய்யும் அதே கேக். கரும்புத் தீவு, ரம்முக்குப் பஞ்சமில்லை. இந்தியாவைவிட நாங்கள் ஒன்றரை மணி நேரம் பின்னால். அம்மா புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோயிலிலிருந்து போனில் காட்ட, அங்கே நள்ளிரவு மணி அடித்துப் பாலன் பிறந்துவிட்டார். என் கடிகாரத்தில் பத்தரை. போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மெமே கதவைத் தட்டினார். மெமே என்றால் பாட்டி, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். நள்ளிரவுப் பூசைக்குத் துணையாக என்னை அழைத்துப்போக வந்திருந்தார், கையில் மூடிய பாத்திரத்தோடு. திறந்தேன். மிளகும் புளியும் பூண்டும்!

"ராசோன்" என்றார்.

"ரசம்" என்றேன் நான்.

அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பிரெஞ்சில் கேட்பேன், அவர் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொல்வார். காரைக்காலில் கப்பலேறி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் வம்சம். ஆனால் ரசத்தில் மிதந்த இலையைக் காட்டி "கலுப்பிலே" என்றார். கறிவேப்பிலை! முருங்கைக் கீரைக்கு "ப்ரெட் முரும்". நான் ஒவ்வொன்றையும் நம் உச்சரிப்பில் சொல்லச் சொல்ல, அவர் உதட்டை அசைத்துத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பாஷை போய்விட்டது, அடுப்படி மட்டும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கும்.

கேக்கை நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஜனவரியில் கோயில் தீமிதி, பேரன் இறங்குகிறான். அவனுக்காக வீடே விரதமாம். முட்டையும் ரம்மும் ஆகாது. தீமிதிக்கு விரதம் இருப்பவர் நள்ளிரவுப் பூசைக்கு வருவது முதலில் எனக்குப் புரியவில்லை. "ரெண்டு சாமியும் நம்ம வீட்டு சாமிதானே" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். இங்கே பல மலபார் குடும்பங்கள், அதாவது நம் தமிழ் வம்சாவளியினர், இரண்டு கோயிலுக்கும் போகிறவர்கள்தான்.

அப்புறம் இருவரும் நடந்தே போனோம். பூசை முழுக்க என் கையை அவர் விடவில்லை.

தீமிதி அன்று நானும் கூட்டத்தில் நின்றேன். பேரன் தணலைக் கடந்து வந்ததும் மெமே என்னைத் தேடிப் பிடித்து, "இப்போது செய், அந்த ரவைக் கேக்கை" என்றார். மறுநாளே செய்தேன். மூன்று துண்டு சாப்பிட்டார்.