[கலைச்சொல்] மீன்தொட்டி விளக்கில் ‘பார்’ என்ற அளவுக்குத் தமிழில் பெயர் வேண்டும்

அனுப்புநர்: தொட்டிவிளக்கு, மார்த்தாண்டம்

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

பாறசாலையில் ஓர் அலுவலக வரவேற்பறைக்குச் செடித்தொட்டி ஒன்று வைக்கிறார்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளக்கு என் பொறுப்பு. அலுமினியச் சேனலில் 3 வாட் எல்.இ.டி.களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொடராகக் கோத்து, வரிசைக்கு ஒரு 700 மில்லி ஆம்பியர் டிரைவர் (மின்னோட்டத்தைச் சீராகக் கொடுக்கும் பெட்டி) கொடுத்திருக்கிறேன். வெள்ளை இரண்டு வரிசை, 450 நானோமீட்டர் நீலம் ஒன்று, 660 சிவப்பு ஒன்று. வேலை முடிந்துவிட்டது. கூடவே தமிழில் ஒரு பராமரிப்புக் குறிப்பும் எழுதிக் கேட்டார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பையன் களியக்காவிளைக்காரன், வாசிப்பது தமிழ் மட்டும்தான்.

ஹீட் சிங்க்கை ‘சூடுவாங்கி’ என்று எழுதினேன், அவனுக்கு உடனே பிடிபட்டது. டிரைவரை டிரைவர் என்றே விட்டுவிட்டேன், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. மாட்டிக்கொண்டது ‘பார்’ (PAR) என்ற அளவில்தான், அதாவது செடி ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளும் ஒளியின் கணக்கு.

விளக்குப் பெட்டியில் லூமென்தான் அச்சடித்திருக்கிறான். லூமென் என்பது நம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்ற கணக்கு. பகல் பார்வைக்கு ரொம்பப் பிடித்தது 555 நானோமீட்டர், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. அந்த நிறத்தில் ஒரு வாட் ஒளிக்கு 683 லூமென். அதே ஒரு வாட்டை 450 நீலத்தில் விட்டால் 26 தேறும், 660 சிவப்பில் விட்டால் 42 பக்கம். ஆனால் செடி ஆசையாக எடுத்துக்கொள்வது அந்த நீலத்தையும் சிவப்பையும்தான்.

அலுவலகத்தின் உரிமையாளர் போனில் லக்ஸ் (சதுர மீட்டருக்கு எத்தனை லூமென்) பார்க்கும் செயலியைத் திறந்து ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் நீட்டினார். வெள்ளைக்கு எண் எகிறியது. சிவப்புக்கு அடியில் போனதும் சரிந்து விழுந்தது. “இதுல வெட்டமே இல்லியே, எடுத்திரலாமா? கரண்டாவது மிச்சம்” என்றார். வெள்ளை ட்யூப் மட்டும் போட்டிருந்த பழைய தொட்டியில் ரோட்டாலா மக்ரான்ட்ரா சிவப்பு மங்கி, அடியிலை உதிர்ந்து நின்றதைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. தென்னிந்தியாவிலேயே பிறந்த செடி அது. நம்மூர் விளக்குக்கடியில் வளர மறுத்தால் கோபம் வராதா?

குறிப்பில் லூமெனுக்குப் பக்கத்தில் செடிக்கான அளவையும் எழுத வேண்டும். ‘பார்’ என்று அப்படியே எழுதினால், ‘பார் எவ்வளவு?’ என்று கேட்பவனுக்கு இந்த ஊரில் வேறு இடத்துக்குத்தான் வழி காட்டுவார்கள். அகராதி வழியில் போனால் ‘ஒளிச்சேர்க்கைசார் செயல்படு கதிர்வீச்சு’ என்று வருகிறது. ஒட்டுத்தாளில் அதை அச்சடிக்கவே இரண்டு வரி வேண்டும்.

நான் வைப்பது: பயிரொளி. எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள்.

—

அனுப்புநர்: தாவரவியல் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

தம்பி,

சொல் நன்றாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில், அந்த அளவு எதை அளக்கிறது என்பதைக் குழுவுக்குச் சொல்லிவிடுகிறேன். அது ஒளியின் ஆற்றலை அளப்பதில்லை, ஒளித்துகள்களை எண்ணுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை எந்த நிறத் துகளாக இருந்தாலும் கணக்கில் ஒன்று ஒன்றுதான். தேங்காயை எண்ணி விற்கும் சந்தையில் பெரிய காய்க்கும் சின்ன காய்க்கும் ஒரே விலை, அந்த மாதிரி. நீலத்துகளில் ஆற்றல் கூடுதல், ஆனால் அந்தக் கூடுதல் இலைக்குள் சூடாகிப் போய்விடும். ஒரு வாட் நீல ஒளியில் நொடிக்கு 3.8 மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் அலகு) துகள் வருகிறது, அதே ஒரு வாட் 660 சிவப்பில் 5.5. உங்கள் உரிமையாளர் கழற்றச் சொன்ன வரிசைதான் எண்ணிக்கையில் முந்துகிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

400 முதல் 700 என்ற எல்லைக்கு அடிப்படையாக நின்றது 1972-இல் மக்ரீ என்ற ஆய்வாளர் வெளியிட்ட அளவீடு. அவர் எடுத்துக்கொண்டது 22 வகைப் பயிர்கள், நெசமாகவே வயலில் விளையும் பயிர்கள். அந்த வகையில் ‘பயிரொளி’ பிறப்பிலேயே பொருத்தம். பச்சை ஒளி செடிக்கு உதவாது என்று கடைக்காரர்கள் சொல்வது தவறு என்பதும் அந்த அளவீட்டிலேயே தெரியும். கொஞ்சம் குறைவாகத்தான், ஆனால் பச்சையும் வேலை செய்கிறது.

என் தயக்கம் பவளத்தைப் பற்றி. கடல்தொட்டி வைப்பவர்களும் இதே அளவைத்தான் சொல்கிறார்கள். பவளம் பயிர் இல்லை, விலங்கு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒருசெல் பாசிதான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சோறு போடுகிறது. நம் நாட்டில் பாறைப்பவளங்களை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள், கடலிலிருந்து எடுத்து விற்பது குற்றம். ஆகவே பாறசாலைத் தொட்டிக்கு இந்தக் கவலை வராது. ஆனால் கலைச்சொல் பாறசாலையோடு நின்றுவிடப் போவதில்லையே.

செடியிலும் சரி, பவளப்பாசியிலும் சரி, இருப்பது பச்சையம். அதனால் பச்சைய ஒளி என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். ‘சேர்க்கையொளி’ என்றும் யோசித்தேன். ஜூன் மாதம் பள்ளி வாசலில் தொங்கும் பலகை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

—

அனுப்புநர்: வண்ணமீன் வளர்ப்பு, நகரி

அண்ணா, டீச்சர், இரண்டு பேருக்கும் வணக்கம்.

பச்சைய ஒளி வேண்டவே வேண்டாம். நான் கொளத்தூரிலிருந்து சரக்கு எடுத்து இங்கே விற்கிறவன். ‘பச்சைய ஒளி உள்ள விளக்கு கொடு’ என்று ஒருவன் கேட்டால், கடைப்பையன் பச்சை பல்பை எடுத்துக் கொடுப்பான். இடையில் இருப்பது ஒரு ‘ய’. போனில் பேசும்போது அதுவும் காதில் விழாது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில் ஒளிச்சேர்க்கைக்குக் ‘கிரணஜன்ய சம்யோகக்ரிய’ என்று படிக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு விளக்குக்குப் பெயர் வைத்தால் தொட்டி நீளத்துக்கு வரும். பயிரொளி வாயில் சட்டென்று வருகிறது. என் ஓட்டு அதற்கு.

ஒரு கேள்வி மட்டும். பாசியும் இதே ஒளியில்தானே மண்டுகிறது? வாடிக்கையாளர் ‘பயிரொளி’ என்று வாசித்துவிட்டு, கூடினால் நல்லது என்று பத்து பன்னிரண்டு மணி நேரம் போட்டுவிடுவார். அப்புறம் கண்ணாடியில் பச்சை படர்ந்தது, மீனே தெரியவில்லை என்று என் கடை வாசலில் நிற்பார்.

—

அனுப்புநர்: நாகர்கோவில்

டீச்சர் மலையாளம் பேசும் நாட்டில் இருந்துகொண்டு சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் வெளிச்சம் என்பதற்கு ‘வெட்டம்’ என்ற சொல் உண்டு, மலையாளத்திலும் அதேதான். வெட்டவெளிச்சத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்வைக்கான வெளிச்சத்துக்கு ஒளி, செடிக்கானதற்கு வெட்டம் என்று பிரித்துவிடலாமே. பயிர்வெட்டம்.

—

அனுப்புநர்: வண்ணமீன் வளர்ப்பு, நகரி

பயிர்வெட்டம் என்றால் எங்கள் ஊரில் அரிவாளோடு வந்து நிற்பார்கள், அண்ணாச்சி.

—

அனுப்புநர்: தொட்டிவிளக்கு, மார்த்தாண்டம்

நாகர்கோவில் அண்ணாச்சிக்கு: வெட்டம் என்று கேட்டாலே எனக்கு வீட்டு ஞாபகம் வரும். ஆனால் தஞ்சாவூர்க்காரன் வாசித்தால் நகரித் தம்பி சொன்ன கதைதான். வீட்டில் வைத்துக்கொள்வோம், அளவுப்பெயரில் வேண்டாம்.

டீச்சரின் பவளக் கேள்வி கனமானது. இருந்தாலும் பயிரொளியில் நிற்கிறேன். 700-ஐத் தாண்டிய தொலைசிவப்பும் மற்ற நிறங்களோடு சேர்ந்து விழும்போது ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது, எல்லையை 750 வரை நீட்ட வேண்டும் என்று ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெயருக்குள் பச்சையத்தையோ, அலைநீளத்தையோ, வேறு வரையறையையோ செருகி வைத்தால் நாளைக்கு அதைப் பிடுங்க வேண்டிவரும். பயிரொளி அப்படி எதையும் பூட்டி வைக்கவில்லை. ‘பயிர்பச்சை’ என்று பேச்சில் சொல்லும்போது செடி, கொடி, புல் எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது, வயல் மட்டும் என்று யாரும் எடுப்பதில்லை. பவளத்துக்குள் இருக்கும் பாசியும் அந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்துகொள்ளட்டும்.

லூமெனுக்கு எதிர்ச்சொல்லாகக் ‘கண்ணொளி’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். அது கண்பார்வை என்றல்லவா ஆகிவிடுகிறது, கண் மருத்துவமனைக்குப் பெயர் வைத்த மாதிரி. ஆகவே லூமென் லூமெனாகவே இருக்கட்டும். விளக்கம் தேவைப்பட்டால் ‘பார்வை வெளிச்சம்’ என்று ஒரு வரி போதும்.

நகரித் தம்பி எழுப்பிய பாசிக் கேள்விதான் குறிப்பேட்டுக்கு ரொம்ப முக்கியம். அதற்குப் பயிரொளி என்ற ஒரு சொல் போதாது, அளவுக்கு இரண்டு பெயர் வேண்டும். ஒன்று, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் துகள் விழுகிறது என்பது. இன்னொன்று, நாள் முழுக்கச் சேர்ந்தது எவ்வளவு என்பது.

முதலாவதைப் பாடநூல் வழியில் ‘பயிரொளிப் பாய அடர்த்தி’ எனலாம். காந்தப்பாயம் படித்தவர்களுக்குப் பழகிய அச்சு. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. பேச்சிப்பாறை அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று பேப்பரில் தினமும் போடுகிறான் இல்லையா? அந்த ‘வரத்து’தான் நமக்கு வேண்டியது. பயிரொளி வரத்து. உச்சி வெயிலில் இது 2000 பக்கம் போகும். தொட்டியின் அடியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகளுக்கு 30 முதல் 50 இருந்தாலே ஒப்பேற்றிக்கொள்ளும். எங்கே அளந்தோம் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். தண்ணீர் சிவப்பைக் குடிக்கும். 660 சிவப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சரளைக்கு வந்து சேருவதற்குள் காணாமல் போகும். தெளிந்த தண்ணீரில் நீலம் அப்படியே இறங்கும், ஆனால் மரக்கட்டை போட்டுத் தண்ணீர் கட்டஞ்சாயா நிறமானால் முதலில் அடிபடுவது நீலம்தான். அதனால் குறிப்பில் ‘நீர்மட்டத்தில்’ என்றும் ‘சரளையில்’ என்றும் இரண்டு எண் கொடுக்கிறேன். அளக்கும் கருவி பயிரொளிமானி, இதில் சண்டைக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவதற்குப் பயிரொளி நாள்வரவு. சரளையில் வரத்து 60 என்றால், எட்டு மணி நேரத்துக்கு 28,800 நொடி, ஆக 17,28,000 மைக்ரோமோல், அதாவது 1.7 மோல். பன்னிரண்டு மணி நேரம் விட்டால் 2.6. செடிக்கு அந்தக் கூடுதலைச் செரிக்கும் அளவுக்குக் கரியமில வாயுவும் உரமும் தண்ணீரில் இல்லையென்றால் மிச்சத்தைச் சாப்பிடுவது பாசிதான். பையனுக்கு இப்படி எழுதப்போகிறேன்: “நாள்வரவு 1.7-ஐத் தாண்டக் கூடாது. கண்ணாடியில் பச்சை படர்ந்தால் வரத்தைக் குறைக்காமல் நேரத்தைக் குறை.” வரத்தைக் குறைக்கக் குமிழைத் திருகினால் நான்கு வரிசையும் ஒரே விகிதத்தில் இறங்காது, நிறம் கெட்டுப்போகும். நேரத்தைக் குறைப்பது டைமரில் ஒரு நிமிட வேலை.

—

அனுப்புநர்: தாவரவியல் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பவளத்தை விட்டுக்கொடுக்கிறேன். பயிரொளியும் பயிரொளிமானியும் இருக்கட்டும். வரத்து மிக அழகு, பிள்ளைகளுக்கு அலகோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம், விநாடிக்கு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் தம்பி, வரத்தும் வரவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வகுப்பில் பாதிப்பேர் மாற்றி எழுதுவார்கள். இரண்டும் ‘வா’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை, அச்சில் கடைசியில் மட்டும்தான் வித்தியாசம். ‘ய’வுக்காகப் பச்சைய ஒளியைத் தள்ளினீர்கள், இதையும் அதே தராசில் வையுங்கள். பயிரொளி நாள்மொத்தம் என்று வைத்தால் என்ன? கூட்டிச் சேர்த்தது என்பதும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

—

அனுப்புநர்: வண்ணமீன் வளர்ப்பு, நகரி

நாள்மொத்தம் எனக்குச் சம்மதம். கல்லாவில் தினம் சொல்லும் சொல்தான்.

—

அனுப்புநர்: தொட்டிவிளக்கு, மார்த்தாண்டம்

சரி டீச்சர், நாள்மொத்தம். ஒட்டுத்தாள் அச்சுக்குப் போகிறது:

பயிரொளி வரத்து, நீர்மட்டத்தில் 140, சரளையில் 60. பயிரொளி நாள்மொத்தம், சரளையில் 1.7 மோல். விளக்கு காலை 10 முதல் மாலை 6 வரை.

டிம்மருக்கும் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது. ‘மங்கி’ என்றால் குரங்கைத் தேடுவார்கள். தனி இழையில் எழுதுகிறேன்.