புதுப்பிப்பு: ‘முன்யோசனை போதாது’ என்ற பிரச்சினைக்கு எது உதவியது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. திருப்பூரில், துணி வாங்கும் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், அன்றாட ஆர்டரைத் தாண்டி யோசிப்பதில்லை என்று மேலாளர் சொன்னதைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிய ‘ப்ரீமார்ட்டம்’ முறை. ஆர்டர் ஏற்கெனவே ஊத்திக்கொண்டதாக வைத்துக்கொண்டு, ஏன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, அப்புறம் வாசிப்பது. எல்லாரும் நூல் விலை என்றே எழுத, கட்டிங் மாஸ்டர் மட்டும் ‘ஒரே சாயப்பட்டறையை நம்பியிருக்கிறோம், 2011-ல் கோர்ட் உத்தரவால் பட்டறைகளை மூடினார்களே’ என்று எழுதியிருந்தார். இதை எதிர்பார்க்கவே இல்லை. இன்னொரு பட்டறையிலும் லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமிடும் சிறு துணி மாதிரி) எடுத்து, பையர் ஒப்புதல் வாங்கிவிட்டோம்.

மேலாளர் இப்போது அடுத்த சீசன் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுகிறார். ஆன்லைன் கோர்ஸ் எனக்கு உதவவில்லை. செய்து பார்ப்பவர்கள், எழுதி முடிக்கும்வரை யாரையும் பேச விடாதீர்கள். பேசினால் மற்றவர்களும் அதையேதான் எழுதுவார்கள்.