சனிக்கிழமை சானி கணவாய்: தெருக் குழுவில் பேசினது

வியாழன்

மாலை 6:12 – குமரன்: சனிக்கிழமை மோட்டார்சைக்கிள்ல சானி கணவாய் மலை ரோடு வழியா லெசோத்தோ ஏறுறது உறுதிதானே? டர்பன் சாட்ஸ்வர்த்ல இருந்து விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பினா 6 மணிக்கு பார்டர் கேட் திறக்கும்போதே நாமதான் முதல் ஆள். அஞ்சு வண்டி.

மாலை 6:20 – சேகர் மாமா: மூணு மணியா? வேணாம்டா. ஜூலை மாசம், இங்க குளிர்காலம். ராத்திரி பூரா ரோட்டைக் கடக்கிற ஊத்துத் தண்ணியெல்லாம் உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கும். வெயில் ஏறின பிறகுதான் சக்கரம் பிடிக்கும்.

மாலை 6:21 – குமரன்: லேட்டா போனா திரும்புறப்ப இருட்டிடுமே மாமா

மாலை 6:29 – சேகர் மாமா: கணக்குப் போட்டுச் சொல்றேன். இங்க இருந்து மலையடிவார ஊர் அண்டர்பெர்க் சுமாரா 200 கிலோமீட்டர். என் 3 நெடுஞ்சாலையில ஹோவிக் வரைக்கும், அப்புறம் ஆர் 617ல புல்வர் வழியா. ரெண்டரை மணி நேரம். 5:45க்குக் கிளம்பினா 8:15க்கு அண்டர்பெர்க். பெட்ரோல், காப்பி, டயர்ல காத்து இறக்குறது எல்லாம் சேர்த்து முக்கால் மணி. 9 மணிக்குக் கிளம்பினா 9:45க்கு தென்னாப்பிரிக்கா கேட். மேல 11 மணி. 1 மணிக்கு இறங்கினா அண்டர்பெர்க் 2:45, வீடு 5:15. சூரியன் 5:10க்கு மறையுது. கேட் மாலை 6க்குத்தான் மூடும், ஆனா அதை நம்பி மேல உட்கார்ந்திருக்காதீங்க. பனிமூட்டம் வந்தா மேல இருந்து கேட் வரைக்கும் உள்ள 9 கிலோமீட்டருக்கே ஒண்ணரை மணி ஆகும்.

மாலை 6:33 – மாலா அக்கா: புல்வர் பக்கம் மாடு, குழி ரெண்டும் உண்டு. இருட்டுல அந்த ரோடு வேண்டவே வேண்டாம். மாமா சொல்றதுதான் சரி.

மாலை 6:40 – தேவன்: கார்ப்புரேட்டர் வண்டிக்கு ஜெட் மாத்தணுமா மாமா? என்னோடது பழைய 250 சிசி.

மாலை 6:52 – சேகர் மாமா: மேல 2,876 மீட்டர். காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல 70 சதவீதம்தான். உன் 250 அங்க 175 மாதிரி இழுக்கும். காத்து குறைஞ்சும் ஜெட் ஓட்டை வழியா பெட்ரோல் அதே அளவு போறதால கலவை கெட்டியாகும். கரும்புகை வரும், பிளக் கருக்கும், சும்மா நிக்கும்போது எஞ்சின் செத்துப்போகும்.
ஆனா ஒரு நாளுக்காக ஜெட் மாத்தாதே. மாத்தினா மேல சரியா ஓடும், ஆனா கீழ வந்து என் 3ல 120ல போகும்போது கலவை மெலிஞ்சு பிஸ்டன் சூடாகும். ஐடில் திருகைக் கொஞ்சம் ஏத்து, ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போடு, புது பிளக் ஒண்ணு பையில வச்சுக்க. அது போதும். மேல எஞ்சின் சூடா இருக்கும்போது சோக்கைத் தொடாதே.
இன்ஜெக்ஷன் வண்டிக்காரங்களுக்கு இந்த வேலையே இல்ல. அது தானே சரிபண்ணிக்கும்.

மாலை 6:58 – குமரன்: செயினை நல்லா இறுக்கிட்டேன், தொங்கலே இல்ல

மாலை 7:03 – சேகர் மாமா: அடப்பாவி. உடனே தளர்த்து. கல்லுல சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது செயினுக்கு இன்னும் நீளம் வேணும். தொங்கல் இல்லேன்னா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்னுடும், இல்ல அறுந்துபோகும். பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் மேல ஸ்டிக்கர்ல அளவு போட்டிருக்கும். பெரும்பாலான ட்ரெயில் வண்டிக்கு 35 மில்லிமீட்டர் பக்கம் வரும்.

மாலை 7:10 – தேவன்: டயர் காத்து எவ்வளவு இறக்க?

மாலை 7:18 – மாலா அக்கா: பெரிய வண்டிக்கு முன்னாடி 1.6 பார், பின்னாடி 1.8. லேசான 250க்கு ரெண்டும் 1.4. ட்யூப் டயர்னா அதுக்குக் கீழ வேணாம். கூர்க்கல்லுல ரிம் இடிச்சு ட்யூப்ல ரெண்டு ஓட்டை ஒரே நேரத்துல விழும். பஞ்சர் ஆனா அந்த வளைவுல நின்னு கழட்டவும் இடம் இருக்காது.
திரும்பும்போது அண்டர்பெர்க்ல மறக்காம ஏத்துங்க. 1.4ல தார் ரோட்டுல 100க்கு மேல போனா டயர் கொதிக்கும்.

மாலை 7:20 – குமரன்: மேல போனா காத்தழுத்தம் குறையுறதால மீட்டர்ல அதிகமா காட்டுமே?

மாலை 7:26 – சேகர் மாமா: காட்டும், 0.1 பார் கிட்ட. ஆனா குளிர்ல உள்ள இருக்கிற காத்து சுருங்கி அதைத் தின்னுடும். ரெண்டும் சரிக்குச் சரி. அதுக்காக நடுவழியில நின்னு அளக்காதே.

மாலை 7:41 – நிர்மலா: கனடாவுல இருக்கிற தங்கச்சி மகன் ஸ்னோமொபைல் வீடியோ அனுப்பியிருக்கான். பனியில நாள் முழுக்க 200 கிலோமீட்டர் போறாங்களாம். நம்ம வண்டி பனியில போகாதா?

மாலை 7:50 – சேகர் மாமா: ஸ்னோமொபைலுக்குக் கீழ 15 அங்குல அகலத்துல ரப்பர் டிராக், முன்னாடி ரெண்டு ஸ்கீ. பனிமேல மிதக்கும், சறுக்கினாலும் சாயாது. பனிதான் டிராக் உரசி ஓடுற ஸ்லைடருக்கு மசகு, ரேடியேட்டருக்குக் குளிர்ச்சி. வெறும் ஐஸ்ல ஓட்டினா அதுவே சூடாகும். நம்ம மோட்டார்சைக்கிள் தரையைத் தொடுறது ரெண்டு உள்ளங்கை அளவு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.
புதுப்பனி பத்து சென்டிமீட்டர்னா மெதுவா போகலாம். ஜீப்புகள் மிதிச்சு பளபளன்னு ஆன சக்கரத்தடம்தான் ஆபத்து. தடத்துக்கு வெளிய, மலைப்பக்கமா ஓட்டணும். பள்ளத்துப் பக்கம் போகாதீங்க.

மாலை 8:02 – தேவன்: மேல உறைஞ்சு கிடக்கிற அந்த ஐஸ் கார்னர் வளைவு வந்தா?

மாலை 8:15 – சேகர் மாமா: இறங்கி நட. வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஏறும்போது ரெண்டு பேர் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு வரணும். இறங்கும்போது எஞ்சினை அணைச்சு, முதல் கியர்ல போட்டு, ரெண்டு காலையும் தரையில ஊனி, கிளட்ச் லீவரையே பின் பிரேக் மாதிரி பயன்படுத்து. விட்டா சக்கரம் நிக்கும், பிடிச்சா உருளும். முன் பிரேக்கைத் தொட்டா அடுத்த நொடி நீ தரையில.

மாலை 8:21 – மாலா அக்கா: ஐஸ் இல்லாத இடத்துல ஏறுறதுக்கு: முதல் கியர், ஒரே சீரான த்ராட்டில், ஃபுட்ரெஸ்ட்ல எழுந்து நின்னு அடுத்த வளைவைப் பாருங்க, முன் சக்கரத்தை இல்ல. பாதி கிளட்ச்ல ஏறாதீங்க. கருகின வாடை வந்தா கிளட்ச் பிளேட் போகுதுன்னு அர்த்தம். சமமான இடம் பார்த்து நின்னு பத்து நிமிஷம் ஆற விடுங்க.
நடுவுல எஞ்சின் நின்னா கியர்லயே விட்டு கிளட்சை விட்டுடுங்க, எஞ்சினே பிடிச்சுக்கும். முன் பிரேக்கை மட்டும் பிடிச்சா நிக்காது. ஏத்தத்துல எடை முழுக்க பின்னாடி போயிடும், முன் சக்கரம் பூட்டினபடியே வழுக்கும்.
ஏறுற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குறவங்க ஒதுங்கணும்.

மாலை 8:30 – குமரன்: ரெண்டு வண்டிக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி?

மாலை 8:31 – மாலா அக்கா: ஒரு வளைவு. முன்னாடி போறவன் விழுந்தா நீ நிக்க இடம் வேணும்ல.

மாலை 8:44 – நிர்மலா: பேப்பர் என்னென்ன?

மாலை 8:53 – மாலா அக்கா: பாஸ்போர்ட், லைசென்ஸ், வண்டிப் பதிவுப் பேப்பர். கடன்ல இருக்கிற வண்டின்னா பேங்க்ல இருந்து நாட்டை விட்டுக் கொண்டுபோக அனுமதிக் கடிதம். தேவா, உன் வண்டி இன்னும் கடன்லதானே? நாளைக்குக் காலையிலேயே கேளு. வண்டிப் பின்னாடி நாட்டு எழுத்து ஸ்டிக்கர் வேணும். லெசோத்தோ பக்கம் கட்டுற கட்டணத்துக்குச் சின்ன நோட்டா ராண்ட் வச்சுக்கங்க. லெசோத்தோ காசு மலோட்டியும் ராண்டும் ஒரே மதிப்பு, அங்க ரெண்டும் செல்லும். ஆனா மீதியா மலோட்டி வாங்கினா இங்க கடைக்காரன் வாங்கமாட்டான்.
இந்தியப் பாஸ்போர்ட்டுல இருக்கிறவங்க லெசோத்தோ விசா விதியையும், திரும்பி உள்ள வர அனுமதி இருக்கான்னும் பார்த்துட்டுத்தான் வரணும்.

மாலை 8:58 – சேகர் மாமா: கூட வர்ற பாக்கி (பிக்கப் வண்டி) நாலு சக்கர இழுவையா இருக்கணும். சாதா பாக்கியை கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. மோட்டார்சைக்கிளுக்கு அந்தத் தடை இல்ல.

மாலை 9:07 – குமரன்: குளிருக்கு?

மாலை 9:16 – மாலா அக்கா: 5 டிகிரியில 100ல ஓட்டினா உடம்புக்கு மைனஸ் 3 மாதிரி. உள்ள பருத்தி பனியன் போடாதீங்க, வியர்வையில நனைஞ்சு அப்படியே நிக்கும். கம்பளி, இல்லேன்னா செயற்கை நூல். ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சுமேல ரெண்டு பழைய செய்தித்தாள். கையுறைக்குள்ள சமையல் ரப்பர் கையுறை, சிரிக்காதீங்க, வேலை செய்யும். தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர். தலைவலிச்சா கீழ இறங்கணும், மாத்திரை போட்டுட்டு உட்காரக் கூடாது.

மாலை 9:19 – தேவன்: மேல பப் இருக்கே. ஆப்பிரிக்காவுலேயே உயரமான இடத்துல இருக்கிறதாம்

மாலை 9:20 – சேகர் மாமா: போட்டோ எடு. சூப் குடி. பீர் வீட்டுக்கு வந்து.

வெள்ளி

மாலை 5:35 – நிர்மலா: வானிலையில இன்னைக்கு ராத்திரி மேல மழை, விடியக்காலை மைனஸ் 4ன்னு போட்டிருக்கு

மாலை 5:48 – சேகர் மாமா: அப்ப இன்னும் அரை மணி தள்ளுங்க. 6:15. கேட்டுக்கு 10:15. ஏறும் முன்னாடி அங்க இறங்கி வர்ற ஜீப்காரங்களை மேல எப்படின்னு கேளுங்க. ஐஸ் கார்னர் இன்னும் வெள்ளையா இருக்குன்னா அன்னைக்கு கீழ ஹைம்வில் ஊர்ப் பக்கம் சுத்துவழிதான், மேல இல்ல. மேல போனாலும் இறங்குறது அதே 1 மணிதான், மேல இருக்கிற நேரம்தான் குறையும்.

மாலை 5:50 – தேவன்: பேங்க் கடிதம் வந்துடுச்சு

மாலை 5:52 – குமரன்: செயின் 35 மில்லிமீட்டர். அளந்துட்டேன் மாமா

மாலை 5:53 – மாலா அக்கா: ரொட்டி ரோல் ஆளுக்கு மூணு. ஆட்டுக்கறி வேணாங்கிறவங்க 8 மணிக்குள்ள சொல்லுங்க.