ராத்திரி இடிமழையில கார் ஓட்டறவங்க கொஞ்சம் சொல்லுங்க

வேலை காரணமா இனி இரவுல தனியா நெடுஞ்சாலையில ஓட்டணும். சாதாரண மழை பழகிடுச்சு. இடி மின்னலோட கொட்டும்போதுதான் உதறுது. மின்னல் வெட்டினதும் கண் கூசி, ரோட்டுக் கோடே தெரியறதில்ல. ஹை பீம் போட்டா மழையில பட்டு வெளிச்சம் நம்ம முகத்துக்கே திரும்புது, அதனால லோ பீம்தான். எதிர்ல வர்ற லாரி வாரியடிக்கிற தண்ணிக்கு வைப்பர் எந்த மூலைக்கு?

மின்னல் தாக்குமோங்கற பயம் அவ்வளவா இல்ல. இரும்புக் கூரை உள்ள கார்ல மின்சாரம் வெளிப்பக்கமாவே தரைக்கு இறங்கிடும் (டயர் ரப்பர் காப்பாத்துதுங்கறது கட்டுக்கதை). என் கவலை ரோட்டுத் தண்ணிதான். டயர் பிடிப்பு விட்டு மிதந்தா, பிரேக்கை மிதிக்காம ஆக்சிலரேட்டர்லேர்ந்து மெதுவா காலை எடுக்கணும்னு தெரியும். ஆனா மிதக்குதுன்னு ஸ்டீயரிங்ல எப்படித் தெரியும்? திடீர்னு லேசாயிடுமா?

அப்புறம், நிறுத்தறதா, ஊர்ந்து போய்க்கிட்டே இருக்கறதா? மரத்தடி ஆகாது, சரி. ரோட்டோரம் நின்னா, பின்னாடி வர்றவர் நம்ம லைட்டை ஓடற வண்டின்னு நினைச்சு வந்து மோதிட்டா? நீங்க எந்த மாதிரி இடமா பார்த்து நிறுத்தறீங்க?

கண்ணாடியில உள்பக்கம் ஆவி படியாம இருக்க ஏசியை எப்படி வைக்கறீங்கன்னும் சொல்லுங்க.