சுட்டு மயக்கமா, கவர்சுட்டா?

(கலைச்சொல் தேடும் ஓர் இழையில் ஐவர் பேசிக்கொண்டது.)

கி.: வணக்கம். தமிழ்வழியில் படித்துப் பொறியியல் முதலாண்டு சேர்ந்தவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி ஏடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு தலைப்பு மட்டும் நிற்கிறது. 'ரவி டோல்ட் குமார் தட் ஹிஸ் பைக் வாஸ் ஸ்டோலன்.' யாருடைய பைக்? இந்தப் பிழைக்கு ஒரு பெயர் வேண்டும். 'ஹிஸ்' யாரைக் குறிக்கிறதோ அந்தப் பெயர்ச்சொல்லுக்கு இன்னொன்று. 'முன்னிலை' வேண்டாம், அது 'நீ'க்குப் போய்விட்டது.

செ.: 'சுட்டு மயக்கம்' இருக்கப் புதிதாக எதற்கு? நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' உண்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே விதி சொல்லியாயிற்று: இயற்பெயர் முன்னே, சுட்டுப்பெயர் ('அவன்', 'அது' போன்றவை) பின்னே, செய்யுளில் மட்டும் மாறலாம்.

நா.: செ. ஐயா, அது வரிசைக்கான விதி. ரவி, குமார் இருவருமே 'ஹிஸ்'ஸுக்கு முன்னேதான் நிற்கிறார்கள். விதி மீறப்படவில்லை, பொருளும் விளங்கவில்லை. இலக்கணத்தில் மயக்கம் என்றால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவது (வேற்றுமை மயக்கம்), அல்லது சேர்ந்து நிற்பது (மெய்ம்மயக்கம்). இங்கே பொருள் பிரிகிறது. ஆகவே 'கவர்சுட்டு'. கவர் என்றால் கிளைத்தல். கவட்டையும் அந்த இனம். சங்கப் பாட்டில் வழி பிரியும் இடம் 'கவலை'. மனக்கவலையும் மனம் இரண்டுபடுவதுதானோ என்று...

செ.: பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்றும் ஒன்று உண்டு, தம்பி.

ப.: யாழ்ப்பாணத்தில் 'உவன்' (இவனுக்கும் அவனுக்கும் இடைப்பட்டவன்) இன்றும் பேச்சில் உண்டு. இவன், உவன், அவன் மூன்றும் இருந்தாலும் ரவியா குமாரா என்று தெரியாது.

ம.: பெயர் இருக்கட்டும், மாணவர் ஏன் இப்படி எழுதுகிறார்? தமிழில் 'தன் பைக்' என்றால் ரவியுடையது. 'அவன் பைக்' என்றால் பெரும்பாலும் வேறொருவனுடையது. ஆங்கிலத்தில் இரண்டும் 'ஹிஸ்'. ஹி, இட், தே, திஸ், விச் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, அது குறிக்கும் பெயருக்கு அம்பு போடச் சொல்லுங்கள். அம்பு இரண்டு பெயருக்குப் போனால் பெயரையே திரும்ப எழுதலாம் (கூறியது கூறல் என்று பயப்படுவார்கள்; தொழில்நுட்ப எழுத்தில் அது குற்றமில்லை), அல்லது நேர்கூற்றாக்கலாம்: ரவி செட் டு குமார், "மை பைக் வாஸ் ஸ்டோலன்."

அம்பு போய் நிற்கப் பெயரே இல்லாத வகையும் உண்டு. 'தி வால்வ் ஜாம்ட் அண்ட் தி டேங்க் ஓவர்ஃப்ளோட். திஸ் டேமேஜ்ட் தி மோட்டார்.' மோட்டாரைக் கெடுத்தது வால்வா, வழிந்த தண்ணீரா? நம் 'இதனால்' முன்வாக்கியம் முழுவதையும் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் வருகிற 'திஸ்' இது. பக்கத்தில் ஒரு பெயர் போட்டால் தீர்ந்தது: 'திஸ் ஓவர்ஃப்ளோ'. இந்த வகைக்குக் 'கவர்' பொருந்தாது, நா.

நா.: அதற்குத் தனிச்சொல் ஆக்கலாம். சுட்டப்படும் பெயர் அற்றது என்பதால் 'சுட்டறவு'?

கி.: ஒரு பக்கத்துக்கு இரண்டு புதுச்சொல் தாங்காது. 'சுட்டுக் குழப்பம்' என்று போடுகிறேன். குறிக்கப்படும் பெயருக்குச் 'சுட்டிய பெயர்' என்று நினைத்தேன். 'சுட்டுப்பெயர்' என்பதோடு கலந்துவிடும். 'மூலப்பெயர்'?

செ.: மூலம் வடசொல். 'முதற்பெயர்' எனலாம்.

ம.: விண்ணப்பப் படிவத்தில் நிரப்புகிற முதற்பெயரா என்று கேட்பார்கள், ஐயா.

ப.: மூலப்பெயருக்கு என் வாக்கு.

கி.: சரி, மூலப்பெயர், சுட்டுக் குழப்பம். பக்கம் கட்டப் போய்விட்டது.

நா.: எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். குழப்பம் படிப்பவருக்கு, வாக்கியத்தில் இருப்பது கவர்தான். 'கவர்' வேர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.