தாத்தா திரும்பும்போது

எங்கள் குடும்பம் – வாட்ஸ்அப் குழு

ஞாயிறு

மாலை 5:12
நான்: அத்தை, வியாழக்கிழமை எனக்கு நரம்பியல் கிளினிக்கல் தேர்வு. சிறுமூளை கேஸ் வரும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நான் எப்படிப் பரிசோதிப்பேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

அத்தை: சொல்லுடா. டியூட்டி முடிந்துவிட்டது.

நான்: முதலில் படுக்க வைத்து, விரலால் மூக்கையும் என் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்வேன். அடுத்து உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றித் தட்டுவது. குதிகாலை முழங்காலில் வைத்துத் தாடை எலும்பு வழியாக இறக்குவது. அப்புறம் கண், பேச்சு. நேரம் இருந்தால் நடை.

அத்தை: முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை முன்பக்கம் இருப்பது கணைக்கால் எலும்பு. தாடை முகத்தில் இருக்கிறது. தேர்வில் பதற்றத்தில் இப்படிச் சொல்லிவிடாதே.

அத்தை: அது கிடக்கட்டும். பெரிய தப்பு கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. 'நேரம் இருந்தால் நடை.' அந்த 'நேரம் இருந்தால்' என்பதை இப்போதே மறந்துவிடு.

அத்தை: நான் பயிற்சியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஒருவர் வந்தார். தலைசுற்றல், நாலு தடவை வாந்தி. படுக்கையில் வைத்தே எல்லாம் பார்த்தேன். விரல் மூக்கைத் துல்லியமாகத் தொட்டது, குதிகால் கோடு போட்டதுபோல் இறங்கியது. சிறுமூளை அறிகுறி எதுவும் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். என் சீனியர் வந்து அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உட்கார வைத்துப் பார்த்தாயா?" இல்லை. கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்தோம். இரண்டு கையாலும் மெத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையை மடியில் வைக்கச் சொன்னதும் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். சீனியர் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். ஸ்கேனில் சிறுமூளையின் நடுவில் ரத்தக் கசிவு.

அத்தை: அந்த மெத்தை உறை அவர் விரல்களுக்குள் சுருங்கி இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாலை 5:24
அப்பா: அக்கா, கையும் காலும் சரியாக வேலை செய்தும் உட்கார முடியாமல் போவது எப்படி?

அத்தை: சிறுமூளையின் நடுப்பகுதிக்கு வெர்மிஸ் என்று பெயர். உடம்பின் நடுத்தண்டை, அதாவது கழுத்து, முதுகு, இடுப்பை நிமிர்த்தி வைப்பது அதன் பொறுப்பு. இரண்டு பக்கப் பகுதிகள் கை கால்களின் பொறுப்பு. நடுவில் மட்டும் கெட்டால் படுக்கையில் எல்லாம் நன்றாக இருக்கும், நிமிர்ந்தால்தான் தெரியும். நோயாளி படுத்திருக்கும்போது படுக்கையே முதுகைத் தாங்கிக்கொள்கிறதே!

நான்: பக்கப் பகுதி என்றால் அதே பக்கத்துக் கை கால்தானே அத்தை? அங்கேதான் எப்போதும் குழம்புகிறேன்.

அத்தை: அதே பக்கம்தான். சிறுமூளையிலிருந்து மேலே போகும் பாதை ஒரு தடவை எதிர்ப்பக்கம் கடக்கிறது. பெருமூளையிலிருந்து கீழே இறங்கும் பாதை மறுபடியும் கடக்கிறது. இரண்டு தடவை ஆற்றைக் கடந்தால் கிளம்பிய கரைக்கே வந்து சேர்வாய். வலது கை தடுமாறினால் வலது சிறுமூளையைப் பார்.

அத்தை: விரல்–மூக்கு சோதனையில் உன் விரலை அவர் கை முழுதும் நீளும் தூரத்தில் வை. எல்லோரும் அரை அடியில் வைத்துவிடுகிறார்கள், அங்கே நடுக்கம் ஒளிந்துகொள்ளும். இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் பெரிதாக வேண்டும், அல்லது இலக்கைத் தாண்டிப் போக வேண்டும். மடியில் கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம் வேறு, அது பார்க்கின்சன் நோயின் பக்கம். இதற்கெல்லாம் முன்னால் கை பலத்தைப் பார்த்துவிடு. பலம் இல்லாத கையும் தடுமாறும், அதைச் சிறுமூளையின் தலையில் கட்டக் கூடாது.

நான்: கண்ணை மூடி நிற்க வைக்கும் ரோம்பெர்க் சோதனை?

அத்தை: செய், ஆனால் எதைச் சோதிக்கிறாய் என்று தெரிந்து செய். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடியதும் விழுந்தால், காலிலிருந்து வரும் நிலையுணர்வோ உள்காதோ கெட்டிருக்கலாம். சிறுமூளை கெட்டவருக்குக் கண் திறந்திருக்கும்போதே காலைச் சேர்த்து வைத்து நிற்க முடியாது. ரோம்பெர்க் பாசிட்டிவ், ஆகவே சிறுமூளை என்று சொன்னால் தேர்வாளர் உன்னை விடமாட்டார்.

அத்தை: இதில் பாதியை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர். முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடி பட்ட வீரர்களைப் பரிசோதித்து 1917-ல் எழுதினார். ஸ்கேன் இல்லாத காலம். அவருடைய நோயாளி ஒருவர் சொன்னது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். நல்ல கை தானாக வேலை செய்கிறது, கெட்ட கைக்கு மட்டும் ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்றாராம். நோயாளியைப் பேச விட்டால் இப்படிச் சொல்வார்கள்.

மாலை 5:41
அம்மா: அண்ணி, நடுவில் வருகிறேன். மாமா பத்து நாளாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறார். வயசு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நீங்கள் சொல்வதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

பெரியப்பா: பத்து நாளாகவா? எனக்கு யாரும் சொல்லவில்லையே!

அத்தை: ஒரே நாளில் திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? தலைவலி, வாந்தி, முழுங்கும்போது புரை ஏறுவது, முகம் கோணுவது ஏதாவது உண்டா?

அம்மா: எதுவும் இல்லை அண்ணி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பேச்சு மட்டும் சற்று இழுத்தாற்போல் இருக்கிறது. பகலில் தூங்கி வழிகிறார்.

அத்தை: மாத்திரை ஏதாவது மாற்றினார்களா?

அம்மா: போன மாதம் ஒரு தடவை வலிப்பு வந்ததே, அப்போது வலிப்பு மாத்திரை ஃபெனிட்டாயினை 300 மில்லிகிராமிலிருந்து 400 ஆக்கினார்கள்.

மாலை 5:46
அத்தை: சரி. தம்பி, தாத்தாவிடம் போ. முதலில் நடை. நீ ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், கைக்கெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள். பத்தடி நடந்து திரும்பி வரச் சொல். திரும்பும் இடத்தை நன்றாகக் கவனி. வீடியோ எடுக்காதே, கை காலியாக இருக்கட்டும்.

மாலை 5:58
நான்: பார்த்துவிட்டோம். கால்களை அகட்டி வைத்து நடக்கிறார், என் தோள் அகலத்தைவிட அதிகம். நேராகப் போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது ஒரே சுற்றில் திரும்பவில்லை, அஞ்சாறு குட்டி அடி வைத்தார், மூன்றாவது அடியில் அம்மா மேல் சாய்ந்துவிட்டார். குதிகாலும் விரல் நுனியும் ஒட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னேன், இரண்டாவது அடியே வைக்க முடியவில்லை.

அத்தை: கண்?

நான்: என் விரலைப் பார்க்கச் சொன்னேன். வலது ஓரம் போனதும் கண் துடிக்கிறது, இடது ஓரத்திலும் அப்படியே.

அத்தை: கடைசி ஓரத்துக்குக் கொண்டுபோனாயா? அங்கே ஆரோக்கியமானவர்களுக்கும் இரண்டொரு துடிப்பு வரும். சுமார் 30 டிகிரியில் நிறுத்தி மறுபடி பார்.

நான்: 30-லும் துடிக்கிறது. நிற்காமல் துடிக்கிறது. போகும் பக்கம் நோக்கி வேகமாக, திரும்பி வரும்போது மெதுவாக. இரண்டு பக்கமும் ஒரே அளவு. கைகளும் இரண்டும் கொஞ்சம் தாண்டிப் போகின்றன. பலம் நன்றாக இருக்கிறது.

பெரியப்பா: பாப்பா, ஸ்கேன் எடுக்க வேண்டாமா? இப்போதே காரை எடுக்கிறேன்.

அத்தை: அண்ணா, திடீரென்று வந்திருந்தால் நானே உங்களைக் கிளப்பியிருப்பேன். சிறுமூளை இருக்கும் இடம் குறுகியது, அங்கே அடைப்போ கசிவோ வந்து வீங்கினால் பக்கத்தில் மூளைத்தண்டு நசுங்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். இங்கே இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, மெதுவாக வந்திருக்கிறது, தூக்கமும் சேர்ந்திருக்கிறது, மாத்திரை கூடியிருக்கிறது. மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் இன்று இரவு புதிதாக வாந்தியோ கடும் தலைவலியோ வந்தால் யாரையும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்பா: வெறும் 100 மில்லிகிராம்தானே கூட்டினார்கள்?

அத்தை: இந்த மருந்தின் கணக்கு நேர்கோடு இல்லை தம்பி. ஓர் அளவு வரை கல்லீரல் உடைத்துவிடும், அதற்கு மேல் அதனால் ஈடுகொடுக்க முடியாது. அதன் பிறகு டோஸைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் மளமளவென்று ஏறும். வழக்கமாக மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்கலாம். 20 தாண்டினால் கண் துடிக்கும், 30 வாக்கில் நடை தடுமாறும், 40 தாண்டினால் மயக்கம்போல் தூக்கம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். புரதம் குறைந்த முதியவர்களுக்கு எண் குறைவாக இருக்கும்போதே இதெல்லாம் வரும், அதனால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

அம்மா: அப்படியென்றால் இன்று ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

அத்தை: நாமாக எதையும் நிறுத்தக் கூடாது, வலிப்பு திரும்பி வரும். அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் நானே பேசுகிறேன்.

மாலை 6:20
அத்தை: பேசிவிட்டேன். இன்று இரவு டோஸ் மட்டும் வேண்டாம், காலையில் ரத்தம் எடுத்ததும் அடுத்ததைச் சொல்கிறேன் என்றார். இரவில் பாத்ரூம் போக அப்பாவைத் தனியாக விடாதீர்கள்.

பெரியப்பா: ராத்திரி நான் வந்து அவர் அறையில் படுத்துக்கொள்கிறேன்.

திங்கள்

பிற்பகல் 1:35
நான்: ரத்தத்தில் மருந்து அளவு 34.

அத்தை: சரி. இனி படிப்படியாக இறங்கும். டோஸை டாக்டர் மாற்றி எழுதுவார், அதன்படி கொடுங்கள். எண் இறங்கிய பிறகும் நடை தேறவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம்.

அடுத்த திங்கள்

காலை 7:50
நான்: அத்தை, தேர்வு நன்றாகப் போனது. முதலில் உட்கார வைத்தேன், அப்புறம் நடக்க வைத்தேன்.

நான்: தாத்தா இன்று காலை சுவரைத் தொடாமல் கூடத்துக்கு வந்தார். இந்தத் தடவை அப்பா பக்கத்தில் இருந்தார், நான் வீடியோ எடுத்தேன். பாருங்கள்.

அத்தை: பார்த்தேன், மூன்று தடவை பார்த்தேன். கால் அகலம் நன்றாகக் குறைந்திருக்கிறது. திரும்பும் இடத்தில் இன்னும் ஓர் அடி அதிகமாக வைக்கிறார். இன்னும் ஒரு வாரம் யாராவது கூடவே நடங்கள்.