உரிமை எடுத்தும் உரிமை இல்லை: ஒரு சொல் தேவை

[வகுப்பு எடுப்பவர்]

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலை வகுப்பு. பாடம், திறக்க மறுக்கும் கோப்புறைகள். கையேடு நாளை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு பத்தியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பழைய கணினியின் வட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டுகிறோம். கோப்புறை கண்ணுக்குத் தெரிகிறது, சொடுக்கினால் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்கிறது. இரண்டு கணினியிலும் பயனர் பெயர் ஒன்றுதான். ஆனால் விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. கணக்கு உருவானபோது கொடுத்த அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது. உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாக ஒன்று நிற்கும். அதுதான் பழைய நான்.

சரிசெய்ய இரண்டு படி. முதலில் உரிமையாளர் இடத்தில் நம்மை வைக்க வேண்டும். வைத்தாலும் கோப்புறை உடனே திறந்துவிடாது. யார் யார் திறக்கலாம் என்ற பட்டியலைத் திருத்தும் அதிகாரம் மட்டும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் நம்மை நாமே சேர்த்துக்கொள்வது இரண்டாம் படி. கட்டளையாக அடித்தால் முதலில் டேக்ஓன், அப்புறம் ஐகேக்ல்ஸ்.

கையேட்டில் இப்போது இருப்பது இது: “முதலில் உரிமையை எடுக்கவும். உரிமை எடுத்தாலும் படிக்கும் உரிமை வராது. எனவே உரிமை வழங்கிக்கொள்ளவும்.” போன வகுப்பில் இரண்டு பேர் ‘எடுக்கவும்’ என்றால் நீக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, பட்டியலில் இருந்த எல்லாரையும் நீக்கிவிட்டார்கள்.

சொல் கொடுங்கள்.

[மொழிபெயர்ப்பாளர்]

இதற்கு எதற்கு விவாதம்? ஓனர் உரிமையாளர், பர்மிஷன் அனுமதி. “உரிமையாளர் ஆகுங்கள், பிறகு அனுமதி கொடுங்கள்.” முடிந்தது. நானே நாளைக்குள் நானூறு சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்றொடர்களை, மொழிபெயர்த்து முடித்துக் கொடுக்க வேண்டும்.

[வகுப்பு எடுப்பவர்]

முடியவில்லை அண்ணா. உரிமையாளர் என்றதுமே ‘அப்போ எனக்கு எல்லா உரிமையும் உண்டு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் சொந்தமாக இருப்பதும் உரிமை, செய்யலாம் என்பதும் உரிமை. விண்டோஸில் இரண்டும் வேறு வேறு. சிக்கலே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

[ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

அம்மா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆறாம் வேற்றுமையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதன் பொருள் கிழமை. ‘முருகனது கை’ தற்கிழமை, பிரிக்க முடியாது. ‘முருகனது வேல்’ பிறிதின்கிழமை, கைமாறலாம். கோப்பு இதில் எது? வட்டோடு வேறு கணினிக்குப் போகிறது, இன்னொருவர் பெயருக்கு மாறுகிறது. ஐயமே இல்லாமல் பிறிதின்கிழமை. ஆகவே டேக்ஓன் என்பது ‘கிழமை கொள்ளல்’. கோப்பை உடையவர் கிழவர். கோவூர் கிழார் என்றால் கோவூருக்கு உரியவர் என்பது நாம் அறிந்ததே. தொல்காப்பியர் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும்தான் சொல்கிறார். பெண் பயனருக்கும் சொல் தயார்!

[வகுப்பு எடுப்பவர்]

ஐயா, பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் ‘இந்தக் கோப்பின் கிழவர் யார்’ என்று கேட்டுவிட்டு நான் எப்படி மேற்கொண்டு பாடம் நடத்துவது?

[லினக்ஸ்காரர்]

நீங்கள் உரிமையில் நிற்கிறீர்கள். எனக்கு ‘அணுகல்’ என்ற சொல்லே பிடிக்கவில்லை. “அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க” என்ற குறளில் அணுகுவது என்றால் கிட்டே போவது. கோப்புறைக்குக் கிட்டே நான் போய்விட்டேன், அது கதவைத் திறக்கவில்லை. நியாயமாக அது ‘நுழைவு மறுப்பு’.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் மூன்று அனுமதி: படிக்க 4, எழுத 2, இயக்க 1. கோப்புறையை எப்படி இயக்குவது? அங்கே அந்த 1 உள்ளே நுழைவதற்கு. 4 மட்டும் இருந்தால் உள்ளிருக்கும் பெயர்களைப் பார்க்கலாம், எதையும் திறக்க முடியாது. 1 மட்டும் இருந்தால் பட்டியல் தெரியாது, ஆனால் பெயர் தெரிந்த கோப்பிடம் நேரே போகலாம், கோப்பும் இடம் கொடுத்தால். ‘இயக்க அனுமதி’ என்று மொழிபெயர்த்து வைத்ததால்தான் பிள்ளைகளுக்குக் குழப்பம். கடைசியில் எல்லாவற்றுக்கும் 777 (உரிமையாளர், குழு, மற்றவர் மூவருக்கும் 4+2+1) போட்டு ஊருக்கே திறந்து வைத்துவிடுகிறார்கள்.

[தனித்தமிழ் அன்பர்]

எல்லாரும் ‘அனுமதி’ என்று தாராளமாக எழுதுகிறீர்கள். அது வடசொல். ‘இசைவு’ இருக்கும்போது கடன் எதற்கு? படிப்பிசைவு, எழுத்திசைவு, நுழைவிசைவு. எவ்வளவு அழகாகப் புணர்கிறது பாருங்கள்.

[மொழிபெயர்ப்பாளர்]

புணரட்டும், யாருக்குப் புரியும்? வழிபாட்டு இசை மாதிரி இருக்கிறது. அனுமதியில் கை வைத்தால் நான் இந்த இழையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

[தனித்தமிழ் அன்பர்]

புதுச்சொல் எல்லாமே முதல் நாள் அப்படித்தான் இருக்கும். ‘கோப்புறை’ மட்டும் பிறக்கும்போதே பழகியதா?

[வட்டு மீட்பவர்]

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சொல் எதுவானாலும் கையேட்டில் இரண்டு வரி சேருங்கள். மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்த கோப்பு என்றால் உரிமையாளரை மாற்றியும் பயன் இல்லை. பழைய கணக்கின் சாவி வேண்டும், அது இல்லையென்றால் எதைச் செய்தாலும் திறக்காது. வட்டே பழுதாகி இருந்தாலும் கோப்புறை திறக்காது. அப்போது அனுமதியை நோண்டக் கூடாது, பழுது நீக்கும் கட்டளையையும் உடனே ஓட்டக் கூடாது. முதலில் கிடைத்தவரை நகலெடுக்க வேண்டும்.

அப்புறம், சி வட்டு முழுவதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினிக்கு உரிய கோப்புகள் கணினியிடமே இருக்கட்டும்.

என் ஓட்டு ‘உடைமையாளர் மாற்றம்’. ‘எடு’ வேண்டவே வேண்டாம்.

[வகுப்பு எடுப்பவர்]

இது நடக்கும் போலிருக்கிறது! உடைமை, அனுமதி. ஒன்றோடொன்று மோதவில்லை.

[ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

மோதவில்லை, ஆனால் பொருந்தவும் இல்லை. அறிவுடைமை, பொறையுடைமை, ஒழுக்கமுடைமை என்று திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். எல்லாம் ஒருவரைவிட்டுப் பிரியாத பண்புகள், அதாவது தற்கிழமை. ஒருவருடைய ஒழுக்கத்தை டேக்ஓன் போட்டு மற்றவர் வாங்கிக்கொள்ள முடியுமா?

[லினக்ஸ்காரர்]

முடிந்தால் முதலில் நான் வாங்கியிருப்பேன். உடைமையாளர் மாற்றம், சரி. நுழைவு மறுப்பையும் எங்காவது ஓர் அடிக்குறிப்பில் போடுங்கள்.

[மொழிபெயர்ப்பாளர்]

உடைமைக்குச் சம்மதம். என் சரங்களில் மட்டும் உரிமையாளர்தான் இருக்கும். முந்தைய பதிப்பில் அப்படி வந்துவிட்டது, இனி மாற்ற விடமாட்டார்கள்.

[தனித்தமிழ் அன்பர்]

உடைமைக்கு ஆம், அனுமதிக்கு இல்லை. பதிவு செய்துகொள்ளவும்.

[வகுப்பு எடுப்பவர்]

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கையேட்டில் இப்படி வருகிறது: “முதலில் உடைமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றவும். கோப்புறை இன்னும் திறக்காது. இப்போது பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்து, படிக்கும் அனுமதியைக் கொடுக்கவும்.” திரையில் ‘உரிமையாளர்’ என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

[ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

கோபம் இல்லை அம்மா. ஒன்று மட்டும். வகுப்பு வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கு உரிய நாள் அது. அந்தக் கிழமையைக் கேட்டு உங்கள் பிள்ளைகள் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.